எண்ணெய் குடித்த பஞ்சு

எங்கள் ஊர்க் கடலுக்குச் சத்தம் போடத் தெரியாது. மீமிசலுக்கு முதல் தடவை வருகிறவர்கள் கரையில் நின்று, இது கடலா கண்மாயா என்று கேட்பார்கள். அலை என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. விடியற்காலையில் தண்ணீரும் வானமும் ஒரே வெள்ளையாகக் கலந்துவிடும். தூரத்துப் படகுகள் எதன் மேலும் இல்லாமல் சும்மா நிற்பதாகத் தெரியும். அப்படிப்பட்ட அமைதிக்குள் போய், சவுக்குத் தோப்பின் நடுவே, தினமும் ஒரு டூ-ஸ்ட்ரோக் எஞ்சினை உதைத்துக் கிளப்பியவள் நான். முதல் சில நாட்கள் கொக்குகள் கோபித்துக்கொண்டு எழுந்து போயின. பிறகு அவையும் பழகிவிட்டன.

நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். சீட்டைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், எது சாப்பாட்டுக்கு முன்னால், எது பின்னால் என்று நாள் முழுக்கச் சொல்வதும் என் பிழைப்பு. எஞ்சின் என் வீட்டுக்காரருடைய துறை. வளைகுடாவில், சுற்றுலா வருகிறவர்களைப் பாலைவன மணல்மேடுகளில் வண்டி ஓட்டவிடும் ஒரு முகாமில் அவர் மெக்கானிக். அங்கே ஓடுவதெல்லாம் குவாட் பைக். ஹேண்டிலும் சீட்டும் பைக்கினுடையவை, சக்கரம் மட்டும் நாலு. கல்யாணமான காலத்திலிருந்து அவர் எனக்கு லீவில் வருகிற மனிதர்தான். வருவார், பெட்டியைப் பிரிப்பார், வீட்டில் அவருடைய வாசனை படிவதற்குள் பெட்டியைக் கட்டுவார். மகள் திருச்சியில் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வீடு எனக்கு ரொம்பப் பெரிதாகிவிட்டது. அடுத்த வீட்டில் அவருடைய அக்கா, என் மதினி, தனியாக இருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டு நாளைத் தள்ளிக்கொண்டிருந்தோம்.

போன வருடம் லீவில் வந்தவர், வந்த வாரமே பொன்னமராவதிப் பக்கம் போனார். அங்கே மூடிக்கிடந்த ஒரு தோட்ட விடுதியின் கொட்டகையிலிருந்து ஒரு குவாட் பைக்கைக் குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்த வண்டி, வெளுத்துப்போய் ரோஸ் நிறத்தில் இருந்தது. வயிறு பெருத்த சைலன்சருக்குள் எலி பஞ்சு சேர்த்து வைத்திருந்தது. அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளையைப் போலத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

மதினி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி இது, தவளை குத்த வச்ச மாதிரி இருக்கு?"

அன்றிலிருந்து வண்டிக்குப் பெயர் தவளை. பந்தயத்துக்கென்று செய்த ஜாதி, டூ-ஸ்ட்ரோக், இப்போதெல்லாம் இப்படி வருவதே இல்லை என்று அவர் எடுத்துச் சொன்னதெல்லாம் மதினியிடம் எடுபடவில்லை.

அவருக்கு ஒரு யோசனை இருந்தது. கடற்கரை ஓரமாகப் பெரிய சவுக்குத் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாகக் கரைக்கு வருகிறவர்கள் பொழுது போகாமல் தோப்பு நிழலில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள். தோப்புக்குள் மணலில் ஒரு வட்டப் பாதை போட்டு, ஓட்டத் தெரிந்த பெரியவர்களுக்கு இந்த வண்டியைச் சவாரிக்கு விடலாம் என்பது யோசனை. ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லாத வண்டி. சொந்த நிலத்தில்தான் ஓட்ட முடியும். தோப்புக்காரர் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"காலாண்டு லீவு முழுக்க நிக்காம ஓடட்டும் தம்பி. ஒரு நா பாதியில நின்னாலும் சரிவராது. தூரத்துல இருந்து ஆசையா வாரவங்க ஏமாந்து போனா எம் பேருதான் கெடும்."

முகாமிலிருந்தும் பேசியிருந்தார்கள். திரும்பி வருவதா இல்லையா என்று தீபாவளிக்குள் சொல்லிவிட வேண்டும். அன்று மத்தியானம் கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அவர் சொன்னார். "இது மட்டும் லீவு முழுக்க ஓடிருச்சுன்னா நான் போகல. இங்கிட்டே இருந்துருவேன்."

நான் சரி என்று தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். உள்ளே போய்த் தட்டைக் கழுவாமல் வெகுநேரம் நின்றேன். இத்தனை வருடம் யார் யாரிடமோ கேட்டுப் பார்த்த வரம், கடைசியில் எலி கூடு கட்டிய ஒரு சைலன்சரைப் போய்ப் பிடித்துக்கொண்டு நிற்கிறதே என்று சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. அன்றிலிருந்து அந்த வண்டி என் சாமி.

கடை வீதியில் ஒருவருக்கும் அதன் மேல் நம்பிக்கை இல்லை. டூ-ஸ்ட்ரோக்கா, நாலு நாள் ஓடும், பத்து நாள் படுக்கும் என்றார்கள். நான் வந்து அவரிடம் கேட்டேன்.

"நிக்குற வண்டின்னு பேரு வாங்கிருச்சு, என்ன பண்றது" என்றார் அவர். "பவரு சாஸ்தி, ஒடம்பு சிறுசு. மத்த எஞ்சின் ஒரு தரம் நெருப்புப் புடிச்சா அடுத்த சுத்து சும்மா சுத்தும். இது சுத்துக்குச் சுத்து நெருப்பு. இதுக்கு ஓய்வே கெடையாது. அதனால நம்மதான் பார்த்துக்கணும். கேட்ட பெறகு குடுக்கலாம்னு இருக்கக் கூடாது."

அவர் பார்த்துக்கொண்ட விதத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. இந்த எஞ்சினுக்குத் தனியாக ஆயில் தொட்டி இல்லை; பெட்ரோலிலேயே டூ-டி ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். குறைந்தால் உள்ளே தேயும், கூடினால் புகைந்து ஸ்பார்க் பிளக்கை அடைக்கும். அவர் கண் மதிப்பில் ஊற்றுவதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. கடையிலிருந்து ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு ஒன்று கொண்டுவந்து கொடுத்தேன். லிட்டருக்கு முப்பது மில்லி. குழந்தைக்கு இருமல் மருந்து அளக்கிற நிதானத்தோடு நானே அளக்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு கலக்கும் வேலை என்னுடையதாகிவிட்டது. செயினில் மணல் ஒட்டாமல் துடைப்பது, ஓடி வந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவுவது, பிளக்கைக் கழற்றி அதன் நிறம் பார்ப்பது எல்லாம் ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தன. பிளக்கின் முனை ஸ்ட்ராங் டீ நிறத்தில் இருந்தால் எல்லாம் நலம்.

இதில் ஒரு சாமானைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சீட்டைத் தூக்கினால் கீழே ஒரு பெட்டி. அதற்குள் கை அகலத்துக்கு ஒரு பஞ்சு. ஃபோம் மெத்தைக்குள் இருக்குமே, அந்த மாதிரிப் பஞ்சு. எஞ்சின் மூச்சு இழுப்பது அதன் வழியாகத்தான். வெறும் பஞ்சாக இருந்தால் பொடி மணல் அதன் ஓட்டைகளில் புகுந்து உள்ளே போய்விடும். அதனால் அதை எண்ணெயில் ஊறவைத்து, பிழிந்து, பிசுபிசுவென்று இருக்கும்போதே மாட்ட வேண்டும். மணல் அந்தப் பிசுக்கில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பார்க்க அழுக்குக் கந்தலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அழுக்குதான் எஞ்சினைக் காப்பாற்றுகிறது.

காலாண்டு விடுமுறை தொடங்கியது. கடை முடிந்து சாயங்காலம் தோப்புக்குப் போவேன். வெட்டிப் போட்ட ஒரு சவுக்குக் கட்டையின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். மரங்களுக்கு நடுவே வண்டி மறையும், சத்தம் மட்டும் வளைந்து வளைந்து போகும், பிறகு கடல் பக்கம் வெளிச்சத்தில் மறுபடி வெளியே வரும். அது போன பிறகும் நீலப் புகை கலையாமல் மரங்களின் இடையில் மிதந்துகொண்டிருக்கும். சவுக்கு ஊசிகளின் வாசனையும் எரிந்த ஆயிலின் வாசனையும் சேர்ந்து எனக்கு லேசாகக் கிறங்கும். சேலை கட்டிய ஒரு டீச்சரம்மா ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கி, கால் தரையில் பாவாமல் நின்றதைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு சுற்றுக்கும் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்படியே இருந்துவிடும் போலிருக்கிறது என்று நினைக்கவே பயந்து, நினைப்பேன்.

விடுமுறை பாதியில் ஆயுத பூஜை வந்தது. அன்று காலை அவர் புது செயின் வாங்கப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார். நான் கடையில் அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பூஜைக்காக வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த வண்டியோடு வீட்டில் மதினி. பூஜைக்கு முன்னால் வீட்டில் இருக்கிற இரும்பு, தகரம், அரிவாள்மணை, மிக்ஸி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பது ஊர் வழக்கம். எங்கள் மதினி விஷயத்தில் அது வழக்கத்தையெல்லாம் தாண்டியது. எண்ணெய்ப் பிசுக்கு அவருக்கு ஆகவே ஆகாது. கேஸ் அடுப்பில் ஒரு கடுகு வெடித்துத் தெறித்தாலும் உடனே துடைத்தால்தான் அவருக்கு அடுத்த வேலை ஓடும். தம்பியை ஊரோடு நிறுத்தி வைக்கப்போகிற வண்டி பூஜையில் அழுக்காக நிற்பதா என்று, தவளையைத் தலை முதல் கால் வரை தேய்த்துக் குளிப்பாட்டினார். சீட்டைத் தூக்கியவர் அந்தப் பஞ்சைக் கண்டார்.

வெந்நீரில் ஊறவைத்து, பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டு, பிசுக்கு போகப் போகக் கசக்கி, கொடியில் தன் ரவிக்கைக்குப் பக்கத்தில் கிளிப் மாட்டிக் காயப்போட்டார். காய்ந்ததும் இருந்த இடத்தில் இருந்தபடி வைத்து மூடினார். சாயங்காலம் தவளைக்கு மூன்று பட்டையாக விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு, ஹேண்டிலில் கதம்ப மாலை. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்களை வைத்து, புதுக்கோட்டையிலிருந்து திரும்பியிருந்த என் வீட்டுக்காரர் நசுக்கி ஓட்டினார். மதினி சூடம் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பஞ்சைத் துவைத்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் துவைத்த எத்தனையோ சாமான்களில் அதுவும் ஒன்று. முந்தின நாள்தான் தன் கையால் எண்ணெய் வைத்து மாட்டியிருந்ததால் என் வீட்டுக்காரரும் திறந்து பார்க்கவில்லை.

பூஜைக்குப் பின்னால் வந்த நாட்களில் மேல்காற்று அடித்தது. மணல் மாவாகப் பறந்தது. நான் தோப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது நடந்தது. கடல் பக்க வளைவில் சத்தம் திடீரென்று மேலே ஏறி, கீச்சென்று ஒரு இழுப்பு இழுத்து, நின்றது. பின்சக்கரங்கள் சுற்றாமல் மணலில் இரண்டு கோடு கிழித்துக்கொண்டு போய் வண்டி நின்றது. ஓட்டிய இளைஞனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தோப்பில் அப்படி ஒரு மௌனத்தை நான் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் கிக்கரை மிதித்தார். அது இறங்கவில்லை. சீட்டைத் தூக்கிப் பஞ்சை எடுத்தார். வெளிர் மஞ்சளாக, மெத்தென்று, புதிதாக இருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தார். அதில் சோப்பு வாசனை வந்தது.

முறுக்குப் பொட்டலத்தோடு நின்றிருந்த மதினி அவராகவே சொன்னார். "நான்தான் தம்பி தொவைச்சு வச்சேன். அம்புட்டுப் பிசுக்கு அதுல."

"சரிக்கா" என்றார் அவர். பஞ்சை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தோப்புக்காரர் வந்து வண்டியைப் பார்த்தார், மணலில் விழுந்த கோடுகளைப் பார்த்தார். "நல்லாத்தான் ஓடுச்சு தம்பி. ஆனா சொன்ன சொல்லு சொன்ன சொல்லுதானே" என்று அவர் மெதுவாகச் சொன்னதில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

என்ன ஆனது என்று அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மதினிக்கு நான்தான் விளக்கிச் சொன்னேன். காய்ந்த பஞ்சின் வழியாக மணலும் போனது, காற்றும் அளவுக்கு மீறிப் போனது. எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் இறுகிக்கொண்டது. மதினி கேட்டுக்கொண்டே இருந்தார். சாதத்தைப் பிசைந்த கை அப்படியே நின்றது. "அப்ப ஏந் தம்பிய நானே பிளேன் ஏத்தி விடுறேனாத்தா?" என்றார். கோபம் எனக்கும் இருந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு அதை யார் மேல் காட்டுவது?

என் வீட்டுக்காரர் முகாமுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். கிளம்புவதற்கு முன்பு புதுக்கோட்டைக்கு எஞ்சின் சிலிண்டரைக் கொண்டுபோய், தேய்ந்த உட்புறத்தைக் கடைந்து போரிங் போட்டு, அதற்குத் தோதாக ஒரு பழைய பைக்கின் பிஸ்டனைத் தேடிப் பிடித்துக் கடைந்து வாங்கி வந்தார். பின்கட்டில் துணி விரித்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கோத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்தேன். கடைசி போல்ட்டை முறுக்கிவிட்டு, கிக்கரை என்னை மிதிக்கச் சொன்னார். இரும்பை மிதிப்பதாக இருந்தது.

"இந்தக் கனம் ஒன் காலுக்கு ஞாபகம் இருக்கணும். மிதிக்க லேசா இருந்தா சந்தோசப்படாத, உள்ள தேஞ்சு போச்சுன்னு அர்த்தம்" என்றார். "புது பிஸ்டன், ஒடனே வெரட்டக் கூடாது. சூடாக்கணும், ஆற விடணும், திருப்பிச் சூடாக்கணும். மொள்ள மொள்ளப் பழக்கணும். எனக்கு நாள் இல்ல. நீதான் ஓட்டிப் பழக்கணும்."

"எனக்கு ஸ்கூட்டரே தடுமாறுங்க" என்றேன்.

"இதுல நாலு சக்கரம். விழுகணும்னாலும் மெனக்கெடணும்" என்று சிரித்தார்.

திருச்சி விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, பார்த்துப் போயிட்டு வாங்க என்றேன். வாய்க்குள் வேறு ஒரு வாக்கியம் இருந்தது. அது வெளியே வரவில்லை.

இப்படித்தான் நான் விடியற்காலைகளில் கொக்குகளை எழுப்ப ஆரம்பித்தேன். தோப்பின் ஓரக் கொட்டகையில் வண்டியை வைத்துக்கொள்ளத் தோப்புக்காரர் இடம் கொடுத்திருந்தார். கடைக்குப் போவதற்கு முன்பு அங்கே போவேன். பெட்ரோல் டேப்பைத் திறப்பேன், சோக்கை இழுப்பேன், மிதிப்பேன். கட்டை விரலால் தள்ளுகிற ஆக்சிலரேட்டர். கொஞ்சம் தள்ளினால் கொஞ்சம் போகும். நடந்துபோகிற ஆளை முந்தாத வேகத்தில் மரங்களுக்குள் ஊர்வேன். எஞ்சின் சூடானதும் நிறுத்திவிட்டு, அது ஆறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆறும்போது இரும்பு டிக் டிக் என்று சொல்லும். கடல் வெள்ளையிலிருந்து சாம்பலாகி, சாம்பலிலிருந்து மெல்ல நீலமாகும். ஈர மணலில் என் சக்கரத் தடத்துக்குக் குறுக்கே நண்டுகள் கோலம் போட்டுவிட்டுப் போகும். அந்த நேரத்தில் எனக்கு வயதும் இல்லை, ஊரும் இல்லை. அவரும் இப்போது எங்கேயோ மணலில் உட்கார்ந்து ஒரு எஞ்சின் ஆறுவதற்குக் காத்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். ஒரே மணல்தான், நடுவில் கொஞ்சம் தண்ணீர் என்று தோன்றும். பிறகு கடைக்கு நேரமாகிவிடும்.

வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை. வீடியோவில் வருவார். நான் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு போனை எடுத்தால், "மொகத்த அப்பறம் பாப்பம், மொதல்ல எஞ்சின் பக்கம் வையி" என்பார். வைப்பேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வண்டிக்கு வைத்தியம் முடிந்த பிறகுதான் எனக்கு நலம் விசாரிப்பு. தவளையாகப் பிறந்திருக்கலாம் என்று ஒருநாள் சொல்லிக்காட்டினேன். அவர் சிரித்தார். ஆனாலும் மறுவாரமும் எஞ்சின்தான் முதலில்.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் மதினி கொட்டகைக்கு வந்து என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தம்பி கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டைப் பையில் கிடந்த அந்தப் பழைய பஞ்சை, தான் துவைத்த அதே பஞ்சை, மடியிலிருந்து எடுத்தார்.

"இதுக்கு எப்புடி எண்ண வைக்கிறது, சொல்லிக்குடு."

நான் எண்ணெயை ஊற்றிக் கொடுத்தேன். முதலில் விரல் நுனியால் தொட்டார். முகம் சுளித்தது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் பிசைய ஆரம்பித்தார். குழந்தைக்கு உச்சியில் எண்ணெய் வைத்து அழுத்துவார்களே, அப்படி, ஒரு இடம் விடாமல். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. பிசைந்துகொண்டிருக்கும்போதே கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லாததால் விட்டுவிட்டார். அன்றிலிருந்து பஞ்சு வேலை அவருடையது. ஒன்று வண்டியில் இருக்கும். இன்னொன்று எண்ணெய் குடித்துத் தயாராக ஒரு மூடி போட்ட டப்பாவில் இருக்கும். அந்த டப்பாவின் வெளிப்புறம் மட்டும் பளபளவென்று இருந்தது. அதை அவரால் விட முடியவில்லை.

தோப்புக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். மார்கழி பிறந்ததும் அவராகவே வந்தார். "அரையாண்டு லீவு வருதும்மா. ஓட்டிப் பாக்குறியா? பேச்சு பழைய பேச்சுதான்" என்றார். ஒரு நாளும் பாதியில் நிற்கக் கூடாது. ஓடிவிட்டால் இடம் எங்களுக்கு. இடம் கிடைத்தால் என் வீட்டுக்காரர் வந்துவிடுவார். நான் சரி என்றேன்.

கடையில் காலை வேலை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் தோப்பு. வேகம் மீறிப் போகாமல் ஆக்சிலரேட்டரில் ஒரு ஸ்க்ரூ வைத்து என் வீட்டுக்காரர் ஏற்கெனவே கட்டுப்படுத்தியிருந்தார். மதினி ஹெல்மெட் மாட்டிவிடும் வேலை. ஊர் பேர் விசாரித்து, கழுத்துப் பட்டையை இறுக்கி, "வெரட்டாம ஓட்டணும், ஆமா" என்று ஒவ்வொருவரையும் மிரட்டி அனுப்புவார். நாட்கள் போயின. மண் ஈரமாக இருந்ததால் தூசி இல்லை. எனக்குத் தூக்கத்திலும் அந்தச் சத்தம் கேட்டது. அது கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் நன்றாகத் தூங்கினேன்.

விடுமுறை முடியப்போகிற நேரத்தில் மழை விட்டு நாலைந்து நாள் வெயில் காய்ந்தது. ஒரு சாயங்காலம் காற்று கிளம்பியது. மணல் எழுந்தது. தோப்பில் நல்ல கூட்டம். ஒரு கல்லூரிக் கும்பல் வரிசையில் நின்றது. வண்டி கடல் பக்க வளைவுக்குப் போகும்போது சத்தத்தின் அடியில் ஏதோ ஒன்று லேசாகக் கனத்த மாதிரி எனக்குப் பட்டது. மூக்கடைத்தவர் மூச்சு விடுவது மாதிரி. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார். நான் போய்ப் பாதைக்குக் குறுக்கே நின்று கையைத் தூக்கினேன்.

வரிசையில் முணுமுணுத்தார்கள். தோப்புக்காரர் வேகமாக வந்தார். அவர் முகத்தில் அன்று பார்த்த அதே இரக்கம்.

"நின்னுருச்சாம்மா?"

"நிக்கலண்ணே. நான்தான் நிறுத்துனேன்."

சீட்டைத் தூக்கினேன். பஞ்சு முழுக்கச் செம்மண் அப்பிய மாதிரி மணல் பிடித்திருந்தது. பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒரு துகளையும் விடாமல் வைத்திருந்தது. நான் கையை நீட்டுவதற்கு முன்பே மதினி டப்பாவைத் திறந்து நின்றார். பழையதை எடுத்தேன், பெட்டியைத் துடைத்தேன், புதியதை மாட்டினேன். ஒரே மிதி. பிடித்துக்கொண்டது. தோப்புக்காரர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று, மதினியின் கறுத்த விரல்களையும் என்னையும் பார்த்தார். பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "சரி, அடுத்த ஆளு வாங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடுமுறையின் கடைசி நாள், கூட்டம் கலைந்த பிறகு, கொட்டகைச் சாவியைத் தோப்புக்காரர் என் கையில் கொடுத்தார். "இனிமே ஒன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். மதினி அந்தச் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றியதில் அதிலும் எண்ணெய் ஒட்டியது.

நான் அவரைக் கூப்பிட்டேன். வழக்கம்போல, முகத்தைக் காட்டாமல், போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தேன். தவளை தாளம் தப்பாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சாவி கிடைத்ததைச் சத்தத்துக்கு மேல் உரக்கச் சொன்னேன். அவர் கேலியாகத்தான் ஆரம்பித்தார். "நான் இருக்கும்போது நின்னுச்சு. நான் இல்லாம லீவு முழுக்க ஓடியிருக்கு. நான் வந்து அங்கிட்டு என்னத்தப் பண்ண?" கடைசியில் குரல் கேலியாக இல்லை. நிஜமாகவே கேட்கிறார் என்று தெரிந்தது.

நான் எஞ்சினை நிறுத்தினேன். தோப்பு சட்டென்று அமைதியானது. போனை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். தலை கலைந்து, கன்னத்தில் கரியோடு இருந்தேன். விமான நிலையத்தில் வாய்க்குள் நின்ற வாக்கியம் அங்கேயேதான் இருந்தது.

"வண்டிக்கு நீங்க வேண்டாங்க. எனக்கு வேணும். வாங்க."

திரையில் அவர் முகம் அசையாமல் இருந்தது. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன். எஞ்சின் ஆறும் சத்தம் மட்டும், டிக் டிக் என்று. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்த பிறகுதான் சிக்னல் இருக்கிறது என்று புரிந்தது.

"பெட்ரோல் டேப்ப அடைச்சியா?" என்றார்.

"இந்தா, அடைக்கிறேன்" என்றேன்.

"அடை. நான் டிக்கெட் போட்டுட்டுக் கூப்புடுறேன்."